தொட்டி திரிந்த வெள்ளிக்கிழமை

போன வாரம் வேலையிலிருந்து வழியனுப்பும்போது எனக்கு மாலை போட்டுப் பேசச் சொல்லி மைக்கைக் கையில் கொடுத்தீர்கள். "எல்லாருக்கும் நன்றி" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். எதிரில் நாலு பேருக்கு மேல் நின்றால் எனக்குப் பேச்சு வராது. சொல்ல வேண்டியதெல்லாம் வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றும்போதுதான் நினைவுக்கு வந்தது. அதனால் எழுதுகிறேன். நான் படித்தது ஐந்தாவது வரைக்கும். பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

தொட்டி வேலையில் எது முதலில், எது பிறகு, எவ்வளவு சூடு என்பதெல்லாம் இப்போது உங்கள் முன்னால் திரையில் தெரிகிறது. அதில் நான் சொல்லித்தர ஒன்றும் இல்லை. ஆனால் திரை காட்டுகிறபடி எல்லாம் செய்தும் சரக்கு கெட்டுப்போன மாதிரி தெரிகிற நாள் ஒன்று உங்களுக்கும் வரும். அன்று என்ன செய்வது என்பது திரையில் வராது. எனக்கு அப்படி ஒரு நாள் வந்தது. அதை மட்டும் சொல்கிறேன்.

அப்போது நாம் இவ்வளவு பெரிய இடத்தில் இல்லை. மண்ணிவாக்கம் தாண்டிப் படப்பை போகிற ரோட்டில், ஒரு லாரி பட்டறைக்குப் பின்னால் தகரம் போட்ட ஷெட். ஒரே தொட்டி. தொட்டியில் நானும் தேவராஜும். பாக்கெட் மிஷினில் செல்வி அக்காவும் அவர் கூட்டிவரும் பெண்களும். வெயில் காலத்தில் தகரம் சுடும். மழைக்காலத்தில் நாங்கள் பேசுவது எங்களுக்கே கேட்காது. ஆனாலும் எலுமிச்சை வாசனையும் பக்கத்துப் பட்டறையின் வெல்டிங் வாடையும் கலந்து வந்த அந்தக் காற்று எங்கேயாவது அடித்தால் இன்றைக்கும் என் கால் தானாக நின்றுவிடும்.

பாத்திரம் கழுவுகிற லிக்விட்தான் எங்கள் சரக்கு. அதை மட்டும் போட்டு நாங்கள் நன்றாகத்தான் இருந்தோம். முதலாளிக்குத்தான் ஷாம்பு போட வேண்டும் என்று ஆசை வந்தது. பல்லாவரத்தில் ஒரு மொத்த வியாபாரி, பியூட்டி பார்லர்களுக்குச் சாமான் போடுகிறவர், "முடி மெத்துன்னு ஆவுற மாதிரி ஒண்ணு போட்டுக் குடு, நான் எடுத்துக்கிறேன்" என்று சொல்லியிருந்தார். அதற்காக முதலாளி ஒரு கெமிஸ்டை வேலைக்கு எடுத்தார்.

அவர் பெயரை எழுத மாட்டேன். அவருக்கு அதெல்லாம் பிடிக்காது. நாங்கள் மேடம் என்றுதான் கூப்பிடுவோம். என்னைவிட வயதில் ரொம்பச் சின்னவர். கிழக்குத் தாம்பரத்தில் வீடு. அப்பா, அம்மா, அண்ணன் மூன்று பேருமே பள்ளிக்கூட ஆசிரியர்கள். வேலை செய்யும்போது கீர்த்தனைப் பாட்டு ஏதாவது முணுமுணுத்துக்கொண்டே இருப்பார். என்னை "அண்ணா" என்பார். நான் தரையைப் பார்த்தபடி "சொல்லுங்க மேடம்" என்பேன். முதல் இரண்டு மாதம் எங்களுக்குள் பேச்சு அவ்வளவுதான்.

வீட்டில் அவரை பி.எட். சேரச் சொல்லி நெருக்கிக்கொண்டிருந்தார்கள். செல்வி அக்காவிடம் சொன்னதை அக்கா எல்லாருக்கும் சொல்லிவிட்டார். "ஷெட்டுல இன்னாடி வேலைன்னு கேக்குறாங்களாம். இது சரியா வரலைன்னா ஜூன்ல காலேஜ் சேந்துடணுமாம். பாவம், அந்தப் பொண்ணுக்கு இந்தத் தொட்டிதான் புடிச்சிருக்கு."

முதலாளியும் ஒளிக்கவில்லை. எங்கள் எதிரிலேயே சொல்லிவிட்டார். "இதோ பாரும்மா. வாளியில போட்டுக் காட்டினே, நல்லாத்தான் இருந்துச்சு. தொட்டியில வரட்டும். வந்துச்சுன்னா நீ இரு. வரலைன்னா நான் பழையபடி பாத்திர லிக்விடே போட்டுக்கிறேன். அதுக்குக் கெமிஸ்ட் எதுக்கு?"

தொட்டியில் போடுகிற நாள் ஒரு வெள்ளிக்கிழமையாக அமைந்தது. சாயந்திரம் வியாபாரியின் டெம்போ வருவதாக ஏற்பாடு. காலையில் முதலாளி தொட்டிக்குக் கற்பூரம் காட்டினார். செல்வி அக்கா, வேலை சீக்கிரம் முடிந்தால் பல்லாவரம் சந்தைக்குப் போய்ச் செடி வாங்கலாம் என்று கட்டைப்பை கொண்டுவந்திருந்தார்.

சரக்கில் முக்கியமானது இரண்டு. ஒன்று, பாத்திர லிக்விடுக்கும் போடுகிற, உங்களுக்குத் தெரிந்த சோப்புப் பேஸ்ட். நுரைக்கும் அழுக்குக்கும் அதுதான். இன்னொன்று, முடியை மெத்தென்று ஆக்குகிற பவுடர். கொத்தவரை விதையிலிருந்து எடுக்கிறது என்று மேடம் சொன்னபோது தேவராஜ் நம்பவில்லை. "பொரியல் பண்றதைத் தலையில தேய்க்கிறாங்களா?" என்று கேட்டான். பவுடரை முதலில் வெறும் தண்ணீரில் தூவிக் கரைக்க வேண்டும். அது நன்றாக ஊறிய பிறகு பேஸ்ட். அதுதான் வரிசை. வாளியில் பலமுறை அப்படித்தான் செய்தோம், கண்ணாடி மாதிரி வந்தது.

அன்றும் அதே வரிசைதான். மேடம் சல்லடையில் பவுடரை வைத்துத் தட்டித் தட்டித் தூவினார். நான் மோட்டாரை மெதுவாக ஓட்டினேன். ஊறட்டும் என்று விட்டுவிட்டு டீ குடிக்கப் போனோம். திரும்பி வந்து எட்டிப் பார்த்தால் தொட்டி முழுக்கத் திரிந்த பால். வெள்ளை வெள்ளையாய்த் துணுக்குகள் மிதக்கின்றன. கலக்குகிற துடுப்பில் கொழகொழவென்று ஏதோ சுற்றிக்கொண்டிருக்கிறது. பேஸ்ட் இன்னும் ஒரு வாளிகூடப் போடவில்லை.

மேடம் தொட்டிக்கு மேல் குனிந்தார். கையை விட்டு ஒரு துணுக்கை எடுத்து விரலால் நசுக்கிப் பார்த்தார். பவுடர் மூட்டையைப் போய் முகர்ந்தார். காலி மூட்டையைத் திருப்பி எழுத்தைப் படித்தார். மறுபடியும் தொட்டிக்கு வந்தார்.

முதலாளி வந்தார். "இன்னாமா இது? பால் திரிஞ்ச மாரி கீது?"

"தெரியலை சார். பவுடர்ல ஏதோ கோளாறு போல."

"பன்னீர் கம்பெனின்னு போர்டை மாத்திடலாம் மொதலாளி" என்றார் செல்வி அக்கா. ஒருவரும் சிரிக்கவில்லை. அக்காவே முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

முதலாளி கெட்டவர் இல்லை. ஆனால் டெம்போ வருகிறது. "சரி, உடு. நைலான் துணியில வடிகட்டு. மீதியில பேஸ்ட்டு, கலரு, சென்ட்டு போட்டு அனுப்பிடலாம். பளிச்சுன்னு இருக்கும்."

"வடிகட்டினா பவுடர் மொத்தமும் துணியிலயே நின்னுடும் சார். கீழே வர்றது வாசனை போட்ட பாத்திர லிக்விட்தான்."

"பாக்கறவனுக்குத் தெரியவா போவுது?"

"பாக்கறவங்களுக்குத் தெரியாது சார். தலைக்கு ஊத்தறவங்களுக்குத் தெரியும்."

 முதலாளி கோபப்படவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "அப்போ நீ சொல்லு, இன்னா செய்யலாம்? கொட்டிடலாமா? கொட்டிட்டு நாளைலேர்ந்து பழைய லிக்விடு போடலாம். எனக்கு ஒண்ணுமில்ல." சொல்லிவிட்டு போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

மேடம் மேஜைக்குப் போய் வெள்ளைக் கோட்டைக் கழற்றினார். அதை மடிக்கிறார். ரொம்ப நேரமாக மடிக்கிறார்.

எனக்கு ஒரு விஷயம் தெரியும். தேவராஜுக்கும் தெரியும். எங்கள் ஷெட்டில் ஒரு வழக்கம் இருந்தது. அங்கே தண்ணீருக்கு எப்போதும் திண்டாட்டம். போர் தண்ணீர் உப்பு, லாரித் தண்ணீர்தான் கதி. அதனால் தொட்டியைக் கழுவுகிற தண்ணீரை நாங்கள் கீழே விடமாட்டோம். நீல டிரம்மில் பிடித்து வைத்து அடுத்த லிக்விடுக்கு முதல் தண்ணீராக ஊற்றிவிடுவோம். "சோப்புத் தண்ணி சோப்புக்குள்ளதானே போவுது" என்பார் முதலாளி. அது நியாயம்தான். வருஷக்கணக்கில் ஒரு குறையும் வந்ததில்லை. அன்று காலை லாரி வரவில்லை. மேடம் உள்ளே பவுடர் நிறுத்துக்கொண்டிருந்தபோது முதலாளி தேவராஜிடம் டிரம் தண்ணீரைத் தொட்டிக்கு ஏற்றச் சொன்னார். அவனும் ஏற்றினான். பார்க்கத் தெளிவாகத்தான் இருந்தது. கொஞ்சம் நுரை இருந்தது. எங்கள் தொட்டியில் நுரை இல்லாத நாள் எது?

அந்தத் தண்ணீருக்கும் திரிந்ததற்கும் சம்பந்தம் உண்டா என்று எனக்குத் தெரியாது. வாளியில் செய்தபோது லாரித் தண்ணீர், இன்றைக்கு இது. வேறுபாடு அது ஒன்றுதான். அதைச் சொன்னால் முதலாளியைக் குற்றம் சொன்னதாகும். தேவராஜ் என் முகத்தைப் பார்த்துவிட்டு மெல்லச் சொன்னான். "வேணாம்பா. நமக்கேன் பேஜாரு?"

நான் மேடத்திடம் போனேன். அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. கோட்டைப் பார்த்துச் சொன்னேன். "மேடம், காலையில லாரி வரலை. தொட்டியில இருக்கறது நீல டிரம் தண்ணி."

"நீல டிரம்னா?"

"தொட்டி கழுவின தண்ணி."

மடித்துக்கொண்டிருந்த கை நின்றது. "லிக்விட் போட்ட தொட்டியா? அதுல பேஸ்ட் இருக்குமா?"

"கொஞ்சம் இருக்கும்."

"கொஞ்சம்தான் இருக்கும், இல்ல?" என்று கேட்டார். ஏதோ தொலைந்தது கிடைத்த மாதிரி முகம். "அண்ணா, ஒரு டம்ளர்ல அந்தத் திரிஞ்சதை எடுத்துட்டு வாங்க. பேஸ்ட் ஒரு கரண்டி."

டம்ளரில் கொஞ்சம் பேஸ்ட் போட்டுக் கலக்கினார். இன்னும் மோசமாகத் திரிந்தது. துணுக்கெல்லாம் சேர்ந்து கட்டியாக அடியில் உட்கார்ந்துவிட்டது. தேவராஜ் உச்சுக் கொட்டினான். மேடம் விடாமல் இன்னும் கொஞ்சம் போட்டார், கலக்கினார். இன்னும் கொஞ்சம். கட்டி மெதுவாக உப்பியது, ஓரம் கரைந்தது, மூட்டமாக ஆனது. கடைசியில் டம்ளருக்குப் பின்னால் இருந்த அவர் விரல் எனக்குத் தெரிந்தது.

அப்போது அவர் எனக்குச் சொன்னதை நான் மறக்கவே இல்லை. அவர் சொன்னபடியே எழுதுகிறேன்.

"அண்ணா, பவுடர் தண்ணில கரைஞ்சா நூல் நூலா நீண்டு கிடக்கும். தண்ணி அதுக்குப் பிடிக்கும். பேஸ்ட்டுக்கு ஒரு தலை, ஒரு வால். தலைக்குத் தண்ணி பிடிக்கும், வாலுக்குப் பிடிக்காது. இந்த நூலுக்கும் அந்தத் தலைக்கும் ஒரு இழுப்பு இருக்கு, பாத்தா ஒட்டிக்கும். கொஞ்சம் பேஸ்ட் மட்டும் இருந்தா, தலையெல்லாம் நூல்ல ஒட்டிக்கிட்டு வாலெல்லாம் வெளியே நிக்கும். அப்போ நூலுக்கும் தண்ணி பிடிக்காம போயிடுது. சுருண்டு ஒண்ணு மேல ஒண்ணு விழுந்து திரிஞ்சிடும். நிறைய பேஸ்ட் வந்தா, வர்ற வாலெல்லாம் அந்த வாலோட சேர்ந்துக்கும், தலை வெளியே வந்துடும். மறுபடியும் தண்ணி பிடிக்கும். கரைஞ்சிடும்."

"அப்போ கெட்டுப்போகலையா மேடம்?"

"பாதி வழியில நிக்குது. அவ்வளவுதான்."

கோட்டை மறுபடி மாட்டிக்கொண்டார். நாங்கள் பேஸ்ட்டை ஆரம்பித்தோம். அப்போது பம்ப் கிடையாது, டிரம்மிலிருந்து வாளியில் அள்ளி ஏணியில் ஏறிக் கொட்ட வேண்டும். தேவராஜ் அள்ளிக் கொடுத்தான், நான் மேலே நின்று கொட்டினேன். சில வாளிகள் போனதும் தொட்டி பயங்கரமாக ஆனது. டம்ளரில் பார்த்ததுதான், ஆனால் தொட்டியில் அதைப் பார்ப்பது வேறு. பெரிய பெரிய கட்டிகள் துடுப்பில் மோதின. மோட்டார் சத்தம் மாறியது.

சத்தம் கேட்டு முதலாளி ஓடி வந்தார். எட்டிப் பார்த்தார். "டேய், நிறுத்துடா! இருக்கறதையும் கெடுக்கறீங்களா? பேஸ்ட்டை நிறுத்து. தண்ணி ஊத்து, இளகட்டும்!"

"தண்ணி வேண்டாம் சார்" என்றார் மேடம். "தண்ணி ஊத்தினா வந்த வழியே திரும்பிப் போற மாதிரி. அண்ணா, நிறுத்தாதீங்க."

"நிறுத்துடான்றேன்!"

நான் ஏணியில் நிற்கிறேன். கையில் நிறைந்த வாளி. எனக்குச் சம்பளம் கொடுக்கிறவர் ஒரு பக்கம். இரண்டு மாதமாக நான் முகம் பார்த்துப் பேசாத ஒரு பெண் இன்னொரு பக்கம். தொட்டியைப் பார்த்தால் முதலாளி சொல்வதுதான் சரி மாதிரி இருக்கிறது. கெட்ட சரக்கும் பாதி வழியில் நிற்கிற சரக்கும் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். அங்கே கண்ணை நம்பிப் பயனில்லை. எதனால் இப்படி ஆனது என்று தெரிந்தவர் யார் என்பதை மட்டும் பார்க்க வேண்டும். இதை இப்போது எழுதுகிறேன். அப்போது இவ்வளவு யோசிக்கவில்லை. டம்ளருக்குப் பின்னால் தெரிந்த விரல் மட்டும்தான் நினைவில் இருந்தது.

வாளியைச் சாய்த்தேன்.

முதலாளி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! கோபத்தைவிட ஆச்சரியம்தான் அதிகம். நான் அவர் சொல்லை மீறியது அதுவரை இல்லை. கீழே பார்த்தேன். தேவராஜ் அடுத்த வாளியை நீட்டிக்கொண்டு நின்றான். "இந்தா, புடி" என்றான். பேஜாரு வேண்டாம் என்று சொன்ன அதே தேவராஜ்.

பேஸ்ட் முழுவதும் போட்டு முடித்தோம். தெளியவில்லை. முதலாளி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். மேடம் மோட்டார் வேகத்தைக் குறைக்கச் சொன்னார். "அவசரப்பட்டா நுரைதான் வரும். அது நேரம் எடுத்துக்கட்டும்." பாட்டு முணுமுணுக்கவில்லை. ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றார். செல்வி அக்கா அவருக்கு டீ கொண்டுவந்து கொடுத்துவிட்டுத் தானும் பக்கத்திலேயே நின்றுகொண்டார். பல்லாவரம் சந்தையை எல்லாரும் மறந்துவிட்டோம்.

முதலில் கட்டிகளின் ஓரம் மெல்லிதானது. பிறகு வெள்ளை, சாம்பல் மூட்டமாக மாறியது. பிறகு தொட்டிக்குள் இறங்குகிற கம்பிப் படிகளில் மேல் படி தெரிந்தது. இன்னொரு படி தெரிந்தது. மதியச் சாப்பாட்டுக்கு யாரும் போகவில்லை. கடைசிப் படி தெரிந்தபோது தேவராஜ்தான் கத்தினான். "மேடம், அடி தெரியுது மேடம்!" துடுப்பில் சுற்றியிருந்த கொஞ்சம் மட்டும் கரையவில்லை. அதை எடுத்துப் போட்டோம்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால் நீங்கள் தப்பாக எடுத்துக்கொள்வீர்கள். அதற்குப் பிறகு ஒரு தடவை மேடம் லீவில் இருந்தபோது தேவராஜ் ஒரு தொட்டியில் உப்பை அதிகம் போட்டுவிட்டான். உப்பு போடப் போட ஷாம்பு கெட்டியாகும், அளவு தாண்டினால் தண்ணீராகிவிடும், உங்களுக்குத் தெரியும். அவன் "பாதி வழிப்பா, இன்னும் போட்டா சரியாயிடும்" என்று மேலும் உப்பு போட்டான். சரியாகவில்லை, பச்சைத் தண்ணீராகிவிட்டது. மேடம் வந்து பார்த்துவிட்டு, "தேவராஜ் அண்ணா, எல்லா வழிக்கும் அந்தப் பக்கம் ஊர் இருக்காது" என்றார். ஒரு வருஷம் அதைச் சொல்லியே அவனைக் கிண்டல் பண்ணினோம். ஆகவே "நிறுத்தாதே" என்பது இல்லை நான் சொல்ல வருவது. ஏன் என்று தெரிந்துகொள்ளுங்கள். முதலில் ஒரு டம்ளரில் போய்ப் பாருங்கள். தெரிந்தபிறகு கண் நம்பாவிட்டாலும் வாளியைச் சாயுங்கள்.

அந்த வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். சென்ட், உப்பு எல்லாம் போட்டு முடித்தோம். முதலாளி எழுந்து வந்தார். இன்னும் முகம் தெளியவில்லை. "தெளிவாத்தான் கீது. ஆனா காலையில திரிஞ்ச சரக்கு. டெம்போல ஏத்தினப்புறம் மறுபடியும் திரிஞ்சா?"

"சார், கையைக் காட்டுங்க" என்றார் மேடம். உள்ளங்கையில் கொஞ்சம் ஷாம்பு விட்டார். "தேய்ங்க." தேய்த்தார். மேடம் சொம்பிலிருந்து தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினார். நுரை போகப் போக அவர் விரல் இடுக்கில் லேசாக வெள்ளை மூட்டம் தெரிந்தது. வழுவழுவென்று படிந்தது.

"பாருங்க சார். தண்ணி சேர்ந்ததும் பேஸ்ட் குறையுது. மறுபடியும் திரியுது. காலையில தொட்டியில பாத்தோமே, அதேதான். இது முடியில படிஞ்சாத்தான் முடி மெத்துன்னு ஆகும். இது தலையில திரியணும் சார். தொட்டியில திரியக் கூடாது. அவ்வளவுதான். தண்ணி சேராத வரைக்கும் பாக்கெட்டுக்குள்ள ஒண்ணும் ஆகாது."

முதலாளி விரல்களை ஒன்றோடு ஒன்று தேய்த்துப் பார்த்தார். முகர்ந்தார். துண்டில் துடைத்துவிட்டு மறுபடியும் தேய்த்துப் பார்த்தார். நாங்கள் எல்லாரும் அவர் விரலையே பார்த்துக்கொண்டு நின்றோம்.  அவர் பாக்கெட் மிஷின் பக்கம் திரும்பி, "செல்வி, மிஷினைப் போடு" என்றார். நீல டிரம்மை ஒரு தடவை பார்த்தார். "இனிமே இந்தத் தண்ணி லிக்விடுக்கு மட்டும்தான்டா" என்று தேவராஜிடம் சொல்லிவிட்டுப் போனார்.

டெம்போ போனபோது இருட்டத் தொடங்கியிருந்தது. மேடமும் நானும் பஸ் ஸ்டாப்பில் நின்றோம். அவருக்கு அலுப்பு. கோட்டில் காய்ந்த பேஸ்ட்டைச் சுரண்டிக்கொண்டிருந்தார். தாம்பரம் பஸ் வந்தது, கூட்டம். படியில் ஏறிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு திரும்பினார்.

"அண்ணா, நாளைக்கு நான் வர்ற வரைக்கும் தொட்டிக்குத் தண்ணியைத் திறக்காதீங்க."

"சரி மேடம்" என்றேன். பஸ் நகர்ந்தபிறகும் ஒரு தடவை சொன்னேன்.